சாய்கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி

படுக்கையை மடித்து வைக்காமல் நான் வீட்டை விட்டுக் கிளம்பியதே இல்லை. ஒழுங்கு என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதைக் குற்றமாக எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஐயா. நர்ஸ் திரும்பி வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். என் தலைமாட்டில் நிற்கிறதே மருந்து பம்ப், அது எங்கள் ஆபீஸில் எழுதிய புரோகிராமில்தான் ஓடுகிறது.

புரோகிராமுக்குள் மனிதர்கள் படிப்பதற்காகக் கமெண்ட் எழுதுவோம். இயந்திரத்துக்கு மாற்றித்தரும் கம்பைலர் அதை ஒதுக்கிவிடும். ஆனால் கமெண்ட் எங்கே முடிகிறது என்பதில் கம்பைலருக்குக் கம்பைலர் கணக்கு வேறு. எங்களிடம் ஒன்று, பம்ப் செய்யும் கம்பெனியில் வேறொன்று. இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி, தொடக்கத்திலும் முடிவிலும் குறி போட்டு எழுதுங்கள் என்று பதினோரு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தினேன். முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கமெண்ட் வாத்தியார்’ என்பார்கள்.

புதிதாக வந்த பெண் அதை முகத்துக்கு நேரே சொன்னாள். கமெண்ட்டுக்கு முன்னால் இரண்டு கோடு போட்டுவிட்டு, முடிவில் குறி எதுவும் போடாமல் போய்க்கொண்டே இருப்பாள்.

“கமெண்ட்டப் போய் மெஷின் படிக்கவா போகுது? விடுங்க வாத்தியாரே,” என்றாள் மீட்டிங்கில். எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

மறுநாள் பார்த்தால், எல்லாவற்றையும் நான் சொன்னபடியே மாற்றி வைத்திருந்தாள். “நீங்க சொன்னதுதான் சரி சார். நேத்து சும்மா கிண்டல் பண்ணேன், மனசுல வெச்சுக்காதீங்க.”

வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் சிரித்தவர்களுக்கு யார் புரியவைப்பது?

அவள் சாப்பிடப் போனபோது, அவள் கணினியிலேயே ஒரே ஒரு கமெண்ட்டைப் பழையபடி மாற்றினேன். அதன் கடைசியில், வரி இன்னும் முடியவில்லை என்று காட்டும் பின்சாய்கோடு ஒன்று, அதன்பின் ஓர் இடைவெளி. இடைவெளி இருப்பதால் எங்கள் கம்பைலர் அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளாது. அவர்களுடையது அடுத்த வரியையும் கமெண்ட் என்று விழுங்கிவிடும். மருந்து அளவு மீறினால் பம்பை நிறுத்துகிற வரி அது. கம்பைலர் எச்சரிக்கை காட்டும், அவர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள், என் பேச்சு எடுபடும் என்று நினைத்தேன். அவர்கள் எச்சரிக்கையையே அணைத்து வைத்திருந்தார்கள். அந்த அலட்சியத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நோயாளி இறந்த செய்தி வந்தது. அப்போதே அந்த ஒரு வரியைத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் யார் கெடுத்தது என்று கேட்பார்களே. எங்களிடம் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது, அதனால் எங்கே பிசகு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்றாவது சாவுக்குப் பிறகு, அந்தப் பகுதியை எழுதியவள் என்று அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நேற்றுவரை நீங்கள் அவளைத்தான் விசாரித்தீர்கள். அவள் இல்லை ஐயா. நான்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் நெஞ்சுவலி என்று கொண்டுவந்தார்கள், கண் விழிப்பதற்குள் இதை மாட்டிவிட்டார்கள். கழற்றச் சொன்னேன். “பயப்படாதீங்கப்பா, அளவு மீறினா அதுவே நின்னுடும்,” என்று நர்ஸ் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். இப்போது அளவைக் கூட்ட வருகிறாள்.

இந்த வார்டில் இன்னும் எட்டுப் பேருக்கு இதே பம்ப்தான் ஓடுகிறது. அவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் என்னுடையதைக் கழற்றச் சொல்லுங்கள். நான் போய்விட்டால் அந்த ஆபீஸில் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்பட ஒருவரும் இல்லை.