மூன்றால் பிரிக்க வேண்டாம்

ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பதற்குள் அந்த வீட்டின் மாதக் கரண்ட் பில்லைச் சொல்லிவிடுவேன். கற்பிட்டிப் பக்கம் வீடு வீடாக மீட்டர் பார்த்தே தலை நரைத்தவன் நான். பென்சன் எடுத்த பிறகும் மாம்புரியில் எனக்கு மீட்டர் நானா என்றுதான் பெயர்; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். பிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் தெருவில் நிற்கும்போதே எனக்குக் குளிர் பிடித்துவிடும். தண்ணீர் மோட்டரின் பலத்தைக் கிணற்றடி வாழையின் தடிப்பைப் பார்த்தே சொல்வேன். தலவிலத் தேவாலயத் திருநாளுக்கு வரும் சனத்தில் பாதி அன்னம்மாளைக் கும்பிட வருகிறது. மீதிப் பாதி என்னிடம் பில் கேட்க வருகிறது.

கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். அதில் எனக்கொரு சந்தோசம். புது அயன் வாங்கியவளிடம், "இதுக்கு வாற பில்லுக்கு உடுப்பைக் கொழும்புக்கு அனுப்பி அயன் பண்ணி எடுக்கலாம் புள்ள" என்பேன். ஊரும் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. மீட்டர் நானா சொன்னால் மூன்றால் பிரி, அவ்வளவுதான். அந்த வழியைக் கண்டுபிடித்தவர் என் அடுத்த வீட்டு ஹயாத்து முகம்மது.

அவர் வெங்காயத் தோட்டக்காரர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று வரக்கூடாது. தேத்தண்ணிக் கடையில் நான் வாயைத் திறந்ததும் அவர் பேசாமல் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். என் மனைவி மௌத்தாகி அடக்கம் நடந்த அன்று, அவள் எப்படிப்பட்டவள் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டத்தில் மூன்று விரல்கள் உயர்ந்ததாக எனக்கு ஞாபகம். அது அவராக இருக்காது. யாருமே தூக்காமலும் இருந்திருக்கலாம்.

தோட்டத்துக்கு மருந்தடித்து அடித்தே அவருடைய நெஞ்சு கெட்டுப்போனது. கட்டாரில் இருக்கும் மகன் மஸாஹிர் ஒட்சிசன் மெசின் ஒன்று வாங்கி அனுப்பினான். கரண்டில் ஓடும், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். அதை நிப்பாட்டவே கூடாது என்று டொக்டர் சொன்னார். அவரை டொக்டரிடம் கூட்டிப் போனது நான்தான், ஆகவே என் காதாலேயே கேட்டேன். மெசினை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரோரம் வைத்தார்கள். ஒரு நீண்ட மூச்சு, ஒரு டொக், மறுபடியும் நீண்ட மூச்சு. சுவரில் தலை சாய்த்தால் யாரோ பக்கத்தில் படுத்திருப்பது போல இருக்கும்.

அவருடைய மனைவி றஹ்மத் உம்மா முற்றத்து வேலியடிக்கு வந்தார்.

"நானா, இந்த மெசினுக்கு மாசம் எவ்வளவு வரும்?"

"மகன்ட்ட சொல்லுங்களேன், அவன் கட்டுவான்."

"அவன்ட்ட கேக்க ஏலா. இதை வாங்கவே ராப்பகலா வேலை செஞ்ச புள்ள. நீங்க சொல்லுங்க, நான் பிரிச்சுக்கிறேன்" என்று சிரித்தார்.

சரியான கணக்கு எனக்குத் தெரியும். பதினைந்தாயிரம் தாண்டாது. நான் நாற்பத்தையாயிரம் என்றேன். இதுவரை நான் ஒரு குற்றமும் செய்யவில்லை, கவனியுங்கள். இது என் வழக்கமான கூட்டல்தான். றஹ்மத் உம்மா மனதுக்குள் பிரிக்கத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. அப்போது சொன்னேன்:

"தங்கச்சி, இது சிரிக்கிற கணக்கு இல்ல. இதை மூண்டால பிரிக்க வாணாம்."

அவருடைய சிரிப்பு போய்விட்டது. என் வாழ்நாளில் ஒருவர் என் கணக்கை முழுதாக நம்பியதை அன்றுதான் கண்டேன். நோன்பு திறக்கும்போது தொண்டையில் இறங்கும் முதல் தண்ணீர் இருக்கிறதே, அப்படி இருந்தது.

வழியில்லாமல் அவரை விட்டுவிடவில்லை. லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில், உச்சி வெயில் நேரத்தில், மெசினை நிப்பாட்டி வைக்கலாம் என்றேன்.

"டொக்டர் நிப்பாட்ட வாணாமெண்டாரே நானா?"

"டொக்டரா உங்கட பில்லைக் கட்டுறார்? பகல்ல படுத்துக் கிடக்கிற மனிசனுக்கு எவ்வளவு காத்து வேணும்?"

நிப்பாட்டினார். நடுச்சுவர் அமைதியானது. நான் அதில் காதை வைத்துக்கொண்டு, மிச்சமாகும் யூனிட்டுகளை எண்ணுவேன். பிறகு பொழுது சாயும் மஃரிப் வரை நீட்டினோம். நீட்டினோம் என்பது பிழை. அவர் நீட்டினார்; நான் நல்லது என்றேன்.

ஒரு பகல் நோயாளியைப் பார்க்கப் போனேன். பார்க்கப் போகாவிட்டால் அயலவன் என்று சொல்ல முடியுமா? ஹயாத்து முகம்மது சாய்கதிரையில் கிடந்தார். உதடுகள் வெங்காயத் தோல் நிறத்தில் இருந்தன. றஹ்மத் உம்மா விசிறிக்கொண்டிருந்தார். ஹயாத்து முகம்மது என்னைப் பார்த்தார். பேசாமல் நின்ற மெசினைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, மூன்று விரலைத் தூக்கினார்.

"என்ன கேக்கிறார் நானா? மெசினை நிப்பாட்டினதில இருந்து இப்பிடித்தான் காட்டுறார். வாயால சொல்ல ஏலாம இரிக்கி."

எனக்கு விளங்கியது. ஊரில் யாருக்கும் விளங்கியிருக்கும். றஹ்மத் உம்மாவுக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை, பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா.

"தண்ணி கேக்கிறார், தங்கச்சி. நபியவர்கள் குடிச்ச சுன்னத்துப்படி மூண்டு மிடறாக் குடுங்க."

பாவம், குசினிக்கு ஓடினார். பிஸ்மி சொல்லி மிடறு மிடறாகக் கொடுத்தார். ஹயாத்து முகம்மது என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார். விரல்களை மடக்கவில்லை. அஸர் பாங்குக்கு முன்னால் மௌத்தானார். விரல்களை மடக்கிவிட்டவனும் நான்தான்.

அந்த மாதப் பில்லைத் தூக்கிக்கொண்டு றஹ்மத் உம்மா வந்தார்.

"நானா, நீங்க சொன்னதுல காப்பங்குதான் வந்திரிக்கி."

"நிப்பாட்டி நிப்பாட்டி வெச்சீங்கல்ல. அந்த மிச்சம்தான்."

"அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும் நானா" என்று அழுதார்.

மெசினை மஸாஹிர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வெற்று அறைதான். ஆனாலும் லுஹர் தொழுதுவிட்டு வந்து சாய்ந்தால், நீண்ட மூச்சு, ஒரு டொக், மறுபடியும் நீண்ட மூச்சு. கடற்கரைக் காற்றாலைகளின் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை அசையாமல் நிற்கும் நாட்களிலும் அது கேட்கிறது.

என் வீட்டில் ஒரு பல்ப், ஒரு பேன், ஒரு ரேடியோ. பில்லைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர் போனதிலிருந்து அது நான் சொல்வதைப் போல மூன்று மடங்கு வருகிறது. கரண்ட் ஒபிஸிலிருந்து வந்து சோதித்தார்கள். மீட்டரில் பிழை இல்லையாம். மெயின் சுவிட்சை நிப்பாட்டிவிட்டு நானே பார்த்தேன். மீட்டருக்குள் தட்டு மெல்லச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, மூச்சு வாங்குகிறவரைப் போல நின்று நின்று. வருகிற பில்லை நான் மூன்றால் பிரித்துப் பார்ப்பேன். கணக்குச் சரியாக வந்துவிடும்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். நான் கூட்டிச் சொல்கிறவன் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே இதையும் வழக்கம்போல மூன்றால் பிரித்துக்கொள்ளுங்கள். வயதான நோயாளி ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார் என்பது மட்டும்தான் மிஞ்சும்.