துரைராசு மிளகாய்

காபியைக் குடிங்க தம்பி, ஆறிப்போனா நல்லாயிருக்காது. விவசாயக் காலேஜிலேர்ந்து ஒரு மிளகாய்க்காக இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. துரைராசு மிளகாய்ங்கிற பேர் எப்படி வந்துச்சுன்னு இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லை. பேர் வெச்சது நான்தான்.

துரைராசு எங்க காவேரிப் படுகையைக் குத்தகைக்குச் சாகுபடி பண்ணினவன். நல்ல உழைப்பாளி. பாவம், மூச்சிழுப்பு நோய் உண்டு. ஒரு தடவை வைக்கோல் வண்டி ஓட்டிக்கிட்டுத் தரங்கம்பாடி போனான். அங்கே மீன்காரி நாகம்மாள் வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டு, மூக்கும் கண்ணும் ஒழுக, விதை கொடு தாயேன்னு கேட்டு வேட்டியில முடிஞ்சுக்கிட்டு வந்துட்டான். அங்கே அதுக்குப் பேரே கிடையாதாம். உப்புக் காத்துல சூம்பிக் கிடந்த செடி, எங்க படுகை வண்டல்ல கொழுகொழுன்னு வந்துச்சு. அம்மாடி, என்ன காரம். இங்கே வறுத்தா அடுத்த தெருவுல தும்முவாங்க.

எனக்குச் சந்தேகம் வந்தது அப்பத்தான். மிளகாய்க்குக் காவல்னு படுகையில கொட்டகை போட்டான். அப்புறம் அவன் பொண்டாட்டி மலர்கொடி அங்கேயே உலை வெச்சா. வேலியோரம் பூவரசங்கொம்பு நட்டான். ஒரு பருவத்து மிளகாய்க்கு எதுக்கு மரம், சொல்லுங்க? குத்தகைக்காரங்க வரப்புக்கு வரப்பு செங்கொடி நட்ட காலம் அது. குத்தகைக்காரன் பேரைச் சர்க்காரே பதிவு பண்ணும்னு சட்டம் வேற வந்துடுச்சு. பதிஞ்சுட்டா அப்புறம் அவனை அசைக்க முடியாது. என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்குன்னு மிஞ்சினது அந்தப் படுகை ஒண்ணுதான். வயிறு எரியாதா?

அவன் ஒளிக்கலை. ஒரு முறம் மிளகாயோட நேரா வந்து நின்னான். "அம்மா, நாளைக்குத் தாலுகா ஆபீஸ்லேர்ந்து படுகையைப் பார்க்க வர்றாங்க. நீங்க கோவிச்சுக்கக் கூடாது. குத்தகை நெல்லை என்னிக்கும் போல அளந்துடுவேங்க"ன்னான். நான் கோவிச்சுக்கலை. மூஞ்சி வாடியிருக்கேடா, ஊர்க்கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடுறேன்னேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கலை.

முற்றத்துல காத்தடிக்குதுன்னு பத்தாய அறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். நெல் கொட்டி வைக்கிற அறை, ஜன்னல் கிடையாது. தணல் சட்டியை முன்னால வெச்சு உட்காரச் சொன்னேன். அவன் கொண்டுவந்த மிளகாயையே எடுத்து, ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு எல்லாம் ஒழியட்டும்னு சுத்தினேன். ஒரு கைப்பிடி போட்டாலே போதும். நான் முறத்தோட கவிழ்த்துட்டு வெளியே வந்து நாதாங்கியைப் போட்டேன். நெடி வீடு பூரா பரவக் கூடாதில்லையா.

"அம்மா, கமறுது, தொறங்க"ன்னான்.

"கமறுச்சுன்னா நல்லதுடா. கண்ணு படலைன்னு அர்த்தம்"னேன்.

அவரைக்காய் ஆய்ஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டினான். அப்புறம் பிராண்டினான். அந்தச் சத்தமும் நின்னு, நான் காய் ஆய்ஞ்சு முடிச்சப்புறம்தான் திறந்தேன். இழுப்பு கொண்டுபோயிடுச்சுன்னு ஊரே சொல்லுச்சு. நானும் மார்ல அடிச்சுக்கிட்டு அழுதேன் தம்பி, நிஜமாவே அழுதேன். தாலுகா ஆளுங்க துக்க வீட்டைப் பார்த்துட்டுத் திரும்பிட்டாங்க. மலர்கொடி என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா. காரியம் முடிஞ்சதும் திருக்காட்டுப்பள்ளிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

விதையை நான் எடுத்து வெச்சேன். சந்தையில இது என்ன மிளகாய்னு கேட்டப்ப, துரைராசு மிளகாய்னேன். வேற எந்த நிலத்துக்காரியாவது குத்தகைக்காரன் பேரை வெப்பாளா?

ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க. சொன்னது மங்களாம்பிகைன்னு போட்டுக்கங்க. நாதாங்கி போட்டது நான்தான். அவன் கூப்பிடக் கூப்பிடத் திறக்காம இருந்ததும் நான்தான். ஆனா ஒண்ணு தம்பி, அவன் நல்லாயிருக்கணும்னு நெனைச்சுத்தான் சுத்திப் போட்டேன்.