மணி, டைகர், பிரௌனி

பிரௌனியா? அப்டி ஒரு நாயி இந்த எர்ணாவூர்லயே கெடையாது நைனா. டீயக் குடி மொதல்ல. இன்னா கலரு சொன்ன? செவலையா. ஒரு காது மடிஞ்சிகினு... இரு இரு. கயுத்துல பச்சக் கயிறா? உம் பொண்ணு கட்னதா? மகிமாவா, நல்ல பேரு.

அட, அது நம்ம மணிப்பா. கடை தொறக்க சொல்லோ வந்து குந்திக்கும். பொறை பிஸ்கோத்த கையில வெச்சி நீட்டுனாதான் துன்னும், தரையில போட்டா மோந்துகூட பாக்காது, அம்மாந் திமிரு. எவன்டா நம்ம நாய்க்கு கயிறு கட்னதுன்னு நான்கூட திட்டிகினு இருந்தேன். பாத்தியா, இந்த புஷ்பவல்லி கடையில நாஷ்டா, உன் வூட்ல நைட்டு சோறு. அங்க வந்தா தொர பேரு பிரௌனி.

மதியத்துக்கு எங்க போவும்னா கேக்கற?

பின்னால ஜீஷான் பாய் லாரி ஷெட்டு கீது பாரு. அங்க டைகர்னு ஒண்ணு இருந்துச்சி. நான் பாத்ததில்ல. பாய் டீ குடிக்க வந்தா அது பெருமதான் பேசுவாரு. கறி எலும்பு போட்டாதான் நவுருமாம். முந்தாநேத்து வந்தாரு, மூஞ்சே சரியில்ல. டைகருக்கு வெறி புட்ச்சிகிச்சாம். வாயெல்லாம் நொர, லாரி டயரக் கட்ச்சிகினே செத்துச்சாம். ஷெட்டு ஆளுங்க எல்லாம் ஊசிக்கு ஓடிட்டானுங்க. ஐயோ பாவம்னு நானே இஞ்சி தட்டிப் போட்டு பாய்க்கு டீ குடுத்தேன். கயுத்துல கட்ன பச்சக் கயித்த அவுக்காமயே பொதச்சோம்னாரு.

ஊர்ல பச்சக் கயிறு கட்ன நாயி ஒண்ணுதானான்னு மனச தேத்திகினேன். மணி எங்கியோ சுத்திகினு கீது, வந்துரும்னு. நெசமா பயந்துகினுதான் இருந்தேன். இப்ப நீ வந்து நிக்கற. உம் பொண்ணு கட்னது ஒரே கயிறுதானே?

பாப்பாவ கட்ச்சிதா? வெளாட்டுக்குப் பல்லு பட்டுதா. மஞ்சா வெச்சி உட்டுட்டியா. சரி, அதட்டாத. ஓடிப்போயி சோப்பு போட்டு நல்லா கய்வி இட்டா. பிரௌனி எங்கன்னு இப்ப சொல்லாத.

நீ வர்றதுக்குள்ள ஷட்டர எறக்கிடறேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒரே ஆட்டோல போயிடலாம். இதோ, பொறை நீட்ன கையி. எனக்கும் அப்டித்தான் பட்டுது.