பூநாரைக்குப் பின்னால்

பழவேற்காட்டில் இறால் விற்றுவிட்டு, காலிக் கூடைகளோடு இரண்டு பெண்கள் படகில் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி திடீரென்று சொன்னாள்:

"எங்க அக்காவ டிவில பாத்தேன்டி."

"இன்னாடி சொல்ற? அது செத்து ரெண்டு வருசம் ஆவுது."

"உசுரோட இருக்கசொல்ல எடுத்த படம். பஞ்சாயத்து டிவில இந்த மாசம் பூரா ஒருநாளு கச்சேரி, ஒருநாளு பழைய கோட்டை, ஒருநாளு பறவைனு போடறான்ல? நம்ம ஏரி பூநாரைய காட்டுனான். பின்னால தண்ணில அக்கா குனிஞ்சி ரெண்டு கையால எறா தடவிக்கினு கீது. ஒரு தோள எறக்கிக்கினு வேற யாரு தடவுவா?"

"மூஞ்சி தெரிஞ்சுதா?"

"முதுவுதான். 'அக்கா'னு கத்திட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடி காட்டுவான்னு கச்சேரி, கோட்டைனு தெனமும் போயி குந்தறேன். இன்னியோட மாசம் முடியுது."

மற்றவள் காலிக் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"திரும்பியிருந்தாலும் பேசியிருக்காதுடி. கூடைக் கயித்த பல்லுல கடிச்சிக்கினு தடவசொல்ல எவ பேசுவா?"

"அதான் நானும் நெனச்சிக்கினேன். கூடை ரொம்பட்டும், எறக்கி வெச்சிட்டுப் பேசும்னு."