புஸ்ஸடி சொன்ன பேய்

பேய்க்கதை கேட்கும்முன் வயிறு நிறைந்திருக்க வேண்டும், ஐயா. பசித்தவனுக்குப் பயம் ருசிக்காது. அதனால்தான் என் வானொலி நிகழ்ச்சியைச் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்திருந்தேன். எங்கள் கோன்கேன் நகரம் முழுக்கக் கேட்பார்கள். நேயர்கள் வாரநாட்களில் போனில் சொல்லும் கதைகளைப் பதிவுசெய்துகொள்வோம்.

புஸ்ஸடி என்ற நேயர் முதலில் பேசியது மழைக்காலத் தொடக்கத்தில். அவள் வீட்டுக்கு ஒரு பேய் வருகிறதாம். இடது காலை இழுத்து நடக்குமாம். பக்கத்தில் வந்தால் சாராய நெடி வீசுமாம்.

ஒலிப்பதிவு பார்க்கும் சோம்ஜித் ஹெட்போனைக் கழற்றினாள். "பேய் எதுக்கு அண்ணே சாராயம் குடிக்கப்போகுது? இது அவ புருஷன்."

எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

இரண்டாம் முறை, பதிவு முடிந்ததும் புஸ்ஸடியிடமே கேட்டேன். அவள் லேசாகச் சிரித்தாள். "புருஷன்னு சொன்னா குடும்ப விஷயம்னு போனை வெச்சிடுறாங்க, விச்சியன் அண்ணே. பேய்னு சொன்னாதான் கடைசி வரைக்கும் கேக்குறாங்க."

உண்மைதான். அந்த வாரம் கடிதங்கள் குவிந்தன. அடுத்தவர் வீட்டுக் கதவு தட்டப்படும்போதுதான் நம் வீட்டுத் தாழ்ப்பாளின் அருமை தெரிகிறது. அந்தச் சுகத்துக்காகத்தான் ஜனங்கள் பயப்படுகிறார்கள். அதில் தப்பேதும் இல்லை.

மூன்றாம் முறை பேசியது, நீங்கள் விசாரிக்கும் அந்தப் புதன்கிழமை. சோம்ஜித் சுட்ட கோழி வாங்கப் போயிருந்தாள். புஸ்ஸடி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு பேசினாள்.

"அண்ணே, கத்தி வெச்சிருக்கான். யாரையாவது அனுப்புங்க. இப்பவே."

கதை என்று அவள் சொல்லவில்லை. தெரு, வீட்டு எண், எல்லாம் இரண்டு முறை சொன்னாள். மேசையில் இன்னொரு போன் சும்மாதான் இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். கை ஓடவில்லை, ஐயா. நான் என்ன செய்ய முடியும், மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன்?

ஓடாத கை என்றும் சொல்லிவிட முடியாது. அவள் கிசுகிசுப்பு சரியாக விழவில்லை. பதிவின் ஒலியைக் கூட்டினேன்.

"வெளிய என்ன சத்தம் கேக்குதும்மா? மெதுவா சொல்லு," என்றேன்.

சொன்னாள், பாவம். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கேள்வி கேட்கிறவன் உதவிக்கு ஆள் அனுப்பியிருப்பான் என்று நம்பியிருக்க வேண்டும். பதினொரு நிமிடம். பிறகு அலமாரிக் கதவு உடைந்தது. அதன்பின் கேட்டவற்றையும் பதிவு ஓடி முடியும்வரை கேட்டேன். நடுவில் துண்டிக்க மனம் வரவில்லை.

சனிக்கிழமை, எங்கள் ஊர் வழக்கப்படி, புத்தர் கோயிலில் அவள் உடலை எரித்தார்கள். அன்று மதியம் அந்தப் பதிவை ஒலிபரப்பினேன். இதுவரை எந்தக் கதைக்கும் அவ்வளவு பேர் கூப்பிட்டதில்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் சொன்ன முகவரியை இரண்டு இடத்திலும் வெட்டிவிட்டேன். தெரியாதவர்கள் வீடு தேடிப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாதில்லையா? நேயர்களின் பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதுமே கவனமானவன்.