டவர் கிடைக்கும் வளைவு

கொல்லிமலையிலிருந்து இறங்கும் காலை பஸ், மேலே ஏறிய லாரிக்கு வழிவிட்டு ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றது. லாரி போனதும், எனக்கு முன்சீட்டில் லேப்டாப்போடு இருந்த பெண் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, பழசு வந்து சேர்ற வரைக்கும் பஸ்ஸை எடுக்க வேண்டாமுங்க.”

“என்ன பழசுங்க?”

“என்ற புரோகிராமுக்கு வேணும்கிற லைப்ரரிங்க, வேற ஆரோ எழுதி வெச்ச கோடு. பழைய வெர்ஷனை அழிச்சுட்டுப் புதுசைப் போட்டேன், புரோகிராம் படுத்துக்கிச்சு. திரும்பப் பழசையே இறக்கிட்டிருக்கேன். இந்த வளைவை விட்டா அடிவாரம் வரைக்கும் டவர் இல்லீங்க. பத்து மணிக்கு மேனேஜருக்கு ஓட்டிக் காட்டோணும்.”

அவள் பக்கத்தில், சம்பந்தி ஊட்டுக்கென்று மடியில் பலாப்பழம் வைத்திருந்த அம்மா கேட்டார்.

“பழசு நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு கண்ணு?”

“ஆமாங்க.”

“அப்பறம் ஏன் அழிச்சே?”

“புதுசு வந்துருச்சுங்களே.”

டிரைவர் திரும்பாமலே கேட்டார்.

“எவ்வளவு வந்துருக்குதுங்க?”

“பாதிங்க.”

பஸ்ஸே அந்தத் திரையை எட்டிப் பார்த்தது.

“வந்துருச்சுங்க, ஓடுது.”

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நாலடி நகர்ந்திருக்கும்.

“ஏனுங்க, மறுபடி படுத்துக்கிச்சு. இதுக்குள்ளயே இன்னொரு லைப்ரரி இருக்குது. அது பழசோட சேர மாட்டேங்குது. அதுக்குப் புதுசுதான் வேணுமாம்.”

யாரும் சொல்லாமலே டிரைவர் பிரேக்கை மிதித்து இஞ்சினை அணைத்தார். அந்த அம்மா பைக்குள் கைவிட்டுக் கத்தியை எடுத்தார்.

“ஆருகிட்டயாச்சும் எண்ணெய் இருந்தாக் குடுங்க சாமி. பழத்தை அறுத்தர்லாம்.”