ஆறு நிமிஷ வேலை

— மறுபடியுமா? நாலு வாரமா இதே கதைதானே! எங்கப்பா வீட்டுக்குக் கிளம்பலாம்னு நான் வாயைத் திறந்தாலே உங்க கம்ப்யூட்டருக்கு வேலை வந்துடுது.

— நான் என்ன பண்ண? கம்பைல் போட்டிருக்கேன். நான் எழுதின புரோகிராமை மெஷினுக்குப் புரியற மாதிரி அது மாத்தணும். சாயங்காலம் ஆயிடும். நீ போயிட்டு வா, மாமாவைக் கேட்டேன்னு சொல்லு.

— அவர் உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருப்பார்.

— என்னையா? நல்லா எதிர்பார்த்தார்!

— சரி, அந்தக் கம்பைலை டிஸ்க்ல வச்சுப் பண்றீங்களா, மெமரியில வச்சா?

— என்னது?

— மெமரியில வச்சுப் பண்ணா டக்குன்னு முடிஞ்சிடுமாமே.

— யாரு சொன்னா? ரத்தப் பரிசோதனை லேப்ல இதெல்லாமா பேசிக்கிறீங்க?

— யாரோ சொன்னாங்க. உண்மையா, இல்லையா?

— சுத்தப் பேத்தல். இங்க பாரு, டிஸ்க்லேர்ந்து ஒரு தடவை படிச்சதை சிஸ்டம் தானாவே மெமரியில வச்சுக்கும். நேரமெல்லாம் ப்ராசஸர் வேலை பாக்கறதுலதான் போகுது. காய் ஃப்ரிட்ஜ்ல இருந்தா என்ன, மேடையில இருந்தா என்ன? நறுக்கத்தானே நேரமாகுது?

— என்னமோ தினமும் நறுக்கற மாதிரி!

— உதாரணம்மா.

— எங்க, ரெண்டையும் போட்டுக் காட்டுங்க பார்ப்போம். பயமா?

— எனக்கா? பதினஞ்சு வருஷ சர்வீஸ்! உக்காரு இப்படி. ஓடிட்டிருக்கறதை நிறுத்தியாச்சு.

— ஐயோ, சாயங்காலம் வரைக்கும் ஓடணும்னீங்களே?

— அது கிடக்குது விடு, இது மானப் பிரச்சினை. முதல்ல டிஸ்க்.

— இருங்க. மெஷினை அணைச்சுட்டுப் போடுங்க. ரெண்டு தடவையும் அப்படியே. ஒருத்தருக்குக் குத்தின ஊசியை நாங்க இன்னொருத்தருக்குக் குத்த மாட்டோம்.

— அடேயப்பா! சரி, அணைச்சுப் போட்டாச்சு. டிஸ்க்ல ஓடுது. போன்ல நேரம் பாரு.

— பார்க்கறேன். டீ போடட்டுமா?

— பேசாதே, கவனம் சிதறும்.

— உங்களுக்கா, அதுக்கா?

— முடிஞ்சது! எவ்வளவு?

— ஆறு நிமிஷம்.

— ஞாபகம் வச்சுக்க. இப்ப மறுபடி அணைச்சுப் போட்டு, மொத்தத்தையும் மெமரிக்கு ஏத்தியாச்சு. ஓடு ராஜா, ஓடு... முடிஞ்சது! சொல்லு, சொல்லு!

— ஆறு நிமிஷத்துக்கு ரெண்டு செகண்ட் கம்மி.

— பார்த்தியா! ஏத்தின நேரத்தைச் சேர்த்தா அதுவும் போச்சு. ரெண்டும் ஒண்ணுதான்! உன்கிட்ட சொன்ன மேதாவியைக் கூட்டிட்டு வா.

— அப்ப டிஸ்க்லயே ஆறு நிமிஷந்தானா?

— ஆறே நிமிஷம்!

— சாயங்காலம் ஆகும்னீங்க.

— அது... சில நாள் ஆகும்.

— ஆறு நிமிஷ வேலையையா நாலு வாரமா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பண்ணீங்க?

— ஏதாவது காய் நறுக்கித் தரட்டுமா?

— பேச்சை மாத்தாதீங்க.

— சரி, சொல்லிடறேன். உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்கலை. போனா "வாங்க"ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் அவர் ஃபேனைப் பார்ப்பார், நான் காலண்டரைப் பார்ப்பேன். அந்தக் காலண்டர்ல எனக்குத் தெரியாத தேதியே இல்லை. சிரிக்காதே, வலிக்குது.

— பிடிக்காம இல்லைங்க. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவர். உங்க வேலையைப் பத்தி என்ன கேக்கறதுன்னு தெரியாம கூச்சப்படறார்.

— இதையும் அந்த மேதாவிதான் சொன்னானா?

— ஆமா.

— யாரு, உன் தம்பியா?

— அப்பா. "பாவம், மாப்பிள்ளை லீவு நாள்லகூட அந்த மெஷின்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கறாரே"ன்னு, ஒரு மாசமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு போன்ல வீடியோ பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கார். காலையில கூப்பிட்டு, "மெமரியில வச்சுப் பண்ணச் சொல்லும்மா, சீக்கிரம் முடிஞ்சா சாப்பிட வந்துடுவார்"னார். இப்ப போனைக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருப்பார், தான் சொன்னது பலிச்சுதான்னு கேக்க. நான் என்னங்க சொல்லட்டும்?

— பத்து மடங்கு வேகம்னு சொல்லு. இல்ல, இரு, நீ சொல்லாதே, நானே நேர்ல வந்து சொல்றேன். என் செருப்பு எங்க?